அச்சமும் புனைவும்: ‘தி சோடியாக் கில்லர்’ திரைப்படத்தின் குறைபாடுகள்

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்தார் தொல்காப்பியர். கள்வர் என்பதனுள், ஆறலைகள்வரே போல மறைந்து வந்து உயிர் கவரும் கொடியோரையும் அடக்குதல் பொருந்தும். இவரால் விளையும் அச்சத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. அணங்கும் விலங்கும் மக்களின் வேறானவை. கொலைஞனோ மக்களுள் ஒருவன். அவன் யாவன், எதனால் கொல்கின்றான் என்பன அறியப்படாமையே அவ்வச்சத்தின் வேராகும். தொடர்கொலை பற்றிய திரைப்படம் இவ்வேரைப் பேணுதல் வேண்டும். பேணாதவழி நேரும் குறையை, 1971இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி சோடியாக் கில்லர்’ என்னும் படத்தின்வழிக் காண்போம்.

1968 டிசம்பர் முதல் 1969 அக்டோபர் வரை வட கலிபோர்னியாவில் ஐவரைக் கொன்று, இருவரைக் குற்றுயிராக்கி, நாளிதழ்களுக்குக் குறிமொழி மடல்கள் விடுத்த ஒருவன், தனக்குச் ‘சோடியாக்’ எனப் பெயரிட்டுக்கொண்டான். டாம் ஹான்சன் என்னும் உணவு விடுதி உரிமையாளர் ஏறத்தாழ 13,000 டாலர் செலவில் அவனைப் பற்றிப் படமெடுத்துச் சான் பிரான்சிஸ்கோ நகரில் திரையிட்டார். தன் கதையைக் காணக் கொலைஞன் வருவான், அவனைப் பிடித்துவிடலாம் என்பது அவர் கருத்து. மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பரிசாக அறிவித்து, பார்வையாளர் எழுதியிட்ட சீட்டுகளின் கையெழுத்தைக் கொலைஞனின் மடலோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அவன் அன்றும் அகப்படவில்லை, இன்றும் அகப்படவில்லை.

நோக்கம் நன்று எனினும், நோக்கத்தின் நன்மை படைப்பின் நன்மை ஆகாது. நடிப்பின் செயற்கைத் தன்மையும் காட்சிகளின் இணைப்பின்மையும் வறுமையால் நேர்ந்தன எனப் பொறுக்கலாம். பொறுக்கலாகாத குறைகள் இரண்டு.

முதலாவது கதையமைப்புப் பற்றியது. தபால்காரனாகிய ஜெர்ரி, சரக்குந்து ஓட்டும் குரோவர் என்னும் இருவரைக் காட்டி, நம் ஐயத்தைக் குரோவர்மேல் திருப்புகின்றது படம். குரோவர் இறந்தபின் ஜெர்ரியே கொலைஞன் என்பது வெளிப்படுகின்றது. முடிவுக்கு நெடுந்தொலைவு இருக்கையிலேயே அறியாமை நீங்கிவிடுதலின், பின்வரும் கொலைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறவாமல் வெறும் அடுக்காகின்றன. மக்களைக் கொல்பவன் தான் வளர்க்கும் முயல்களிடம் உருகுவதைக் கண்டு நாம் அஞ்சுகின்றோம் அல்லோம், நகுகின்றோம். அது எள்ளல் பற்றிப் பிறக்கும் நகை.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. அறியப்பட்ட உண்மைகளே இப்படத்திற்கு அடிப்படை என்றும், விந்தையாகத் தோன்றுவனவும் நிகழ்ந்தனவே என்றும் தொடக்கத்தில் ஓர் அறிவிப்புக் காட்டப்படுகின்றது. ஆனால் தபால்காரனும் முயல்களும் கொலைகள் பலவும் கற்பனையே. புனைதல் குற்றமன்று, புனைந்ததை நிகழ்ந்தது என்றல் குற்றம். இறுதியாக உறுதிப்பட்ட கொலை நிகழ்ந்து ஈராண்டும் நிரம்பாத காலத்தில், உயிர் பிழைத்தோரும் இறந்தோரின் சுற்றத்தாரும் வாழும் ஊர்ப்புறத்தே இது காட்டப்பட்டது என்பதை நினைக்குங்கால் குற்றத்தின் அளவு புலனாகும்.

படத்துள் உண்மையாகவே அச்சம் தரும் பகுதி பெரியெஸ்ஸா ஏரிக்கரைக் காட்சியாகும். முகமூடி அணிந்தவன் பகல் வெளிச்சத்தில் வருகின்றான், இருவரைக் கட்டுகின்றான், குத்துகின்றான். ஏன் என்பதற்கு விடை இல்லை. அறியப்பட்டதைப் பெரிதும் தழுவிய இவ்விடத்தில் செலவின் சுருக்கம் ஒரு தடையாகவே தோன்றவில்லை.

ஜான் மெக்நாட்டன் இயக்கி 1986இல் நிறைவுற்ற ‘ஹென்றி’ என்னும் படமும் ஏறத்தாழ 1,10,000 டாலரில் முடிந்த சிறுமுதற் படமே. ஒருவன் அளித்த குற்ற ஒப்புதல்களிலிருந்து தோன்றியதாயினும், அது தன்னைப் புனைவு என்றே அறிவிக்கின்றது. அதன் தொடக்கத்தில் கொலைச்செயல் காட்டப்படுவதில்லை. அசைவற்ற உடல்களும் பின்னே கேட்கும் ஒலிகளுமே உள்ளன. தாயைக் கொன்ற முறையைக் கூறும்போது ஹென்றி ஒருகால் கத்தி என்கின்றான், ஒருகால் துப்பாக்கி என்கின்றான். எது மெய் என்று நாம் அறியோம். படமும் அறிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. ஹான்சன் முயல்களைக் கொண்டு நிரப்பிய வெற்றிடத்தை மெக்நாட்டன் வெற்றிடமாகவே விட்டார். அச்சம் அங்கே நிலைபெறுகின்றது.

எனவே ‘தி சோடியாக் கில்லர்’ வீழ்ந்தது பொருளின்மையால் அன்று. அறியாததை அறிந்ததாகக் கூறியமையால் அது ஒருசேர மெய்ம்மையையும் மெய்ப்பாட்டையும் இழந்தது என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.