பரணில் இருந்த தமிழ்

ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பைச் சரித்திரக்காரர்களிடமே விட்டுவிட்டோம் என்பது என் நெடுநாள் வருத்தம். சண்டை நடந்த தேதிக்கும் கப்பல் வந்த நாளுக்குமாக அதைப் புரட்டுகிறார்கள். நாவல் வாசிக்கிறவர்கள் வாசிக்க வேண்டிய புஸ்தகம் அது என்பது என் கட்சி.

பிள்ளை 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். புதுச்சேரியில் வர்த்தகராகி, கவர்னர் துய்ப்ளேயின் துபாஷாக உயர்ந்தார். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கியவர், 1761 ஜனவரியில் காலமாகும் தறுவாய் வரை, நடுநடுவே விட்டும் தொட்டும், எழுதினார். பிறகு அந்தப் புஸ்தகங்கள் குடும்பத்தாரிடம் கிடந்தன. 1846-ல்தான் கல்லுவா மோம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டன. 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் பன்னிரண்டு பாகங்களாக அதை இங்கிலீஷில் வெளியிட்டது. தமிழ் மூலம் புதுச்சேரியில் பாகம் பாகமாக அச்சேறத் தொடங்கியதோ 1948-ல்!

பண்டிதர்கள் அந்த நடையை ஒப்பமாட்டார்கள். பாரசீகமும் போர்த்துகீசும் புரளும் கடைத்தெருத் தமிழ். மூச்சு விடாமல் ஓடும் வாக்கியங்கள். ஆனால் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-ல் வருவதற்கு நூற்று நாற்பது வருஷங்களுக்கு முன்பே, பேசுகிறபடியே வசனம் எழுத முடியும் என்று காட்டிவிட்டார் இந்த வியாபாரி.

தற்பெருமை உண்டு, ஜாதக நம்பிக்கை உண்டு. 1748-ல் வேதபுரீசுவரர் கோயில் இடிபட்ட பக்கங்களைப் படியுங்கள். மனிதருக்கு நெஞ்சு வேகிறது, உத்தியோகத்தையும் விடவில்லை. நாவலாசிரியன் கையில் இவர் அகப்பட்டிருந்தால் தியாகியாகவோ கோழையாகவோ ஆகியிருப்பார். இங்கே இரண்டும் இல்லாமல் மனிதராகவே இருக்கிறார். பிரபஞ்சன் இந்தக் குறிப்புகளிலிருந்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரண்டு நாவல்கள் எடுத்தார். ஊற்று இன்னும் வற்றவில்லை.

கல்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கு நடந்தே போகலாம். 1754 ஜனவரியில் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் சதுரங்கப்பட்டினத்தில்தான் சமாதானம் பேசக் கூடி, ஒன்றும் ஆகாமல் கலைந்தார்கள். கம்பெனிக் காகிதங்களில் அந்தப் பேச்சு இருக்கிறது. அன்று அவர்கள் மூட்டையைச் சுமந்தவன் என்ன நினைத்தான் என்பதற்குக் காகிதம் ஏது?

பிறரைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் பரணில் பாட்டனாரின் தகரப்பெட்டி ஒன்று இருந்தது. சவுக்குத் தோப்புக் கணக்கு, கடன் பத்திரங்கள், புகுந்த வீட்டிலிருந்து அத்தை போட்ட கார்டுகள். ஒரு போகியன்று அத்தனையையும் நானே நெருப்பில் போட்டேன். பெட்டி காலியானதில் வீட்டில் எல்லோருக்கும் திருப்தி.

அத்தை ஏன் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை என்று, பிற்பாடு ஒரு நாவலில் நானாக ஒரு காரணம் கட்டி எழுதினேன். வாசகர்கள் உருகினார்கள். அது அத்தைக்கு நான் செய்த நியாயமா, அவதூறா? சொல்லக்கூடிய கார்டுகள் சாம்பலாகிவிட்டன.

பிள்ளையின் வீட்டாரும் போகி கொண்டாடியவர்கள்தாம். எண்பத்தைந்து வருஷம் அந்தப் பெட்டியைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். அதற்காகவே அவர்களை வணங்கத் தோன்றுகிறது. அடுத்த போகிக்குப் பரணை ஒழிக்கிறவர்கள், நெருப்பு மூட்டுமுன் ஒரு கார்டையாவது படித்துப் பாருங்கள்.