பிஸ்டலுக்கா, ரைஃபிளுக்கா?

மைக்கேல் மூரின் ‘பவுலிங் ஃபார் கொலம்பைன்’ (2002) என்றாலே கே-மார்ட் காட்சிதான். 1999 பள்ளித் தாக்குதலில் பிழைத்த மாணவர்கள் இருவர், அங்கே வாங்கப்பட்ட தோட்டாக்களை உடம்பில் சுமந்தபடி அதன் தலைமையகத்துக்கே போகிறார்கள். கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையை 90 நாளில் நிறுத்துவதாக நிறுவனம் அறிவிக்கிறது. முதல்முறை பார்த்தபோது கைதட்டினேன். மறுபடி பார்க்கையில் ஒன்று உறுத்தியது: அந்தத் தோட்டாவை எடுத்துக்கொடுக்கும் விற்பனையாளரிடம் படம் நிற்கவே இல்லை.

அமெரிக்க மத்திய சட்டப்படி, கடையில் ரைஃபிள் தோட்டா வாங்க 18 வயது, கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 21. ஆனால் 9 மில்லிமீட்டர் தோட்டா சில ரைஃபிள்களிலும் பொருந்தும். அதனால் கவுண்ட்டரில் கேட்பார்கள்: “பிஸ்டலுக்கா, ரைஃபிளுக்கா?” 19 வயசுப் பையன் “ரைஃபிளுக்கு”ன்னு சொல்லிட்டா பல மாநிலங்களில் அதோட முடிஞ்சுது. எதை நிரப்பினாலும் ஏற்றுக்கொள்ளும் படிவத்தை நாங்கள் மென்பொருளில் பிழை என்போம். இங்கே அதுதான் சட்டம். பொறுப்பு, மணிக்கணக்கில் கூலி வாங்குபவர் தலையில்.

மூர் ஒரு நிறுவனத்தை வெட்கப்பட வைத்தார், சின்ன காரியமில்லை. ஆனால் ஒரு கடை வெட்கப்பட்டால் அந்தக் கேள்வி அடுத்த கடைக்குப் போகும், அவ்வளவுதான். படம் வந்து 17 வருஷம் கழித்து, 2019-ல், வால்மார்ட்டும் கைத்துப்பாக்கித் தோட்டாவைக் கைவிட்டது. அதற்கு எல் பாசோவில் அதன் சொந்தக் கடையிலேயே படுகொலை நடக்க வேண்டியிருந்தது.