புரூக்லாண்ட்ஸ்: தடமும் வண்டியும்

கார்ப் பந்தயம் காண்பதற்கென்றே விடுமுறை எடுத்து வெளிநாடு செல்லும் வழக்கம் ரசிகர்களிடையே இன்று வேரூன்றிவிட்டது. இங்கிலாந்துக்கு அவ்வாறு செல்வோர் பெரும்பாலும் சில்வர்ஸ்டோனில் நடைபெறும் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ போட்டியை நடுவாக வைத்துத் தம் பயணத்தை வகுத்துக்கொண்டு, எஞ்சிய நாள்களில் ஒன்றைப் பந்தய அருங்காட்சியகம் ஒன்றுக்கு ஒதுக்குகின்றனர். போட்டியின்போது வண்டி கண்ணில் பட்டு மறைவதற்கு ஓரிரு நொடிகளே ஆவதால், அதன் உடல் ஏன் அவ்வாறு அமைந்தது என்று நின்று நோக்க அங்கே வழியில்லை. ஓய்ந்து நிற்கும் வண்டியிடம்தான் அக்கேள்வியைக் கேட்க முடியும். ஆயினும் பெரும்பாலான அருங்காட்சியகங்களில் வண்டி மட்டுமே நிற்கிறது. அது எந்தத் தளத்தின்மீது ஓடியதோ அந்தத் தளம் அங்கே இருப்பதில்லை. அந்தக் குறை நீங்கிய இடம், லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தின் வேபிரிட்ஜ் நகரை அடுத்துள்ள புரூக்லாண்ட்ஸ்.

மோட்டார் வண்டிகளுக்கென்றே உலகில் முதன்முதலாகக் கட்டப்பட்ட பந்தயத் தடம் இது. பிரிட்டனின் பொதுச்சாலைகளில் மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர், என்ற வேக வரம்பு நிலவிய காலத்தில், ஹியூ லாக் கிங் என்னும் நிலவுடைமையாளர் தம் சொந்த நிலத்தில், தம் சொந்தப் பணத்தில் இதைக் கட்டுவித்து, 1907 ஜூன் 17 அன்று திறந்துவைத்தார். கார்ப் பந்தயத்துக்கென்று தனி மரபு ஏதும் அப்போது உருவாகியிராததால், அமைப்பாளர்கள் குதிரைப் பந்தயத்தின் முறைகளை அப்படியே எடுத்தாண்டனர். தொடக்கப் போட்டிகளில் ஓட்டுநர்கள் ஜாக்கிகளைப் போல வெவ்வேறு நிறச் சட்டைகள் அணிந்தே அடையாளம் காணப்பட்டனர். வண்டிகள் ஆயத்தமாகும் முற்றத்தைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் ‘பேடக்’ என்னும் சொல்லும் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்ததே. திறப்பு விழாவுக்குப் பின் சில நாள்களிலேயே எஸ். எஃப். எட்ஜ் என்பவர் நேப்பியர் கார் ஒன்றைத் தனியொருவராக 24 மணி நேரம் ஓட்டி, இரவில் தடத்தோரம் சிவப்பு லாந்தர்கள் வழிகாட்ட, ஏறத்தாழ 2,545 கிலோமீட்டர் கடந்தார்.

புரூக்லாண்ட்ஸின் தனிச்சிறப்பு அதன் வளைவுகளில் உள்ளது. வேகமாக வளையும் வண்டியை அதன் சொந்த வேகமே வெளிப்புறம் தள்ள முனைகிறது. தளத்தின் வெளிவிளிம்பை உயர்த்தி உள்விளிம்பைத் தாழ்த்தினால், சாய்ந்த தளமே வண்டியை உள்நோக்கித் தாங்கிக்கொள்ளும். ‘பேங்கிங்’ எனப்படும் இச்சாய்வு புரூக்லாண்ட்ஸில் ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது. இதை வடிவமைத்த ராணுவப் பொறியாளர் கர்னல் ஹோல்டன், தளத்தை ஒரே சீரான சரிவாக அமைக்காமல், மேலே செல்லச் செல்லச் செங்குத்தாகும் குழிந்த வளைவாக அமைத்ததால், ஒவ்வொரு வேகத்துக்கும் அச்சரிவில் தனக்குரிய ஓர் உயரம் கிடைத்தது. மெதுவாகச் செல்பவர் கீழேயும் விரைந்து செல்பவர் மேலேயும் தத்தம் இடத்தில் ஓட முடிந்தது. தடத்தின் நடுவே இடப்பட்டிருந்த ‘ஐம்பதடிக் கோடு’ என்னும் கறுப்புக் கோட்டைப் பற்றி ஓடும் வண்டி, கோட்பாட்டளவில், ஸ்டியரிங்கைத் திருப்பாமலே வளைவைக் கடந்துவிடும். எஞ்சியுள்ள ‘மெம்பர்ஸ் பேங்கிங்’ பகுதியின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது சாலையாகத் தோன்றாது. அணைக்கட்டு ஒன்றின் உட்புறச் சுவர் போலவே தோன்றும்.

அத்தளத்தின் மேனியையும் தடவிப் பார்க்க வேண்டும். இவ்வளவு செங்குத்தான சரிவில் தார்க் கலவையை இடுவது கடினமாகவும் அஸ்பால்ட் இடுவது பெருஞ்செலவாகவும் இருந்ததால், மேற்பூச்சில்லாத வெறும் கான்கிரீட்டே கொட்டப்பட்டது. அடிமண் ஓரிடத்தில் அமிழ்ந்து மற்றோரிடத்தில் நின்றதால், நாளடைவில் கான்கிரீட் பாளங்கள் விரிசலுற்று மேடுபள்ளமாயின. குறிப்பாக வே ஆற்றைத் தடம் கடந்த பாலத்தருகே எழுந்த மேட்டில், முழுவேகத்தில் வந்த வண்டிகள் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பிப் பாய்ந்ததைப் பழைய நிழற்படங்கள் காட்டுகின்றன. பராமரிப்போர் இக்கான்கிரீட்டைப் பளபளப்பாக்க முனையாமல், பாசியும் விரிசலும் ஒட்டுமாகவே விட்டுவைத்திருப்பது மிகுந்த பாராட்டுக்குரியது. அந்த விரிசல்களைக் கண்டவருக்குத்தான் இங்குள்ள அருங்காட்சியகத்துக்குள் நிற்கும் வண்டியின் உடலமைப்பு விளங்கும்.

அவ்வண்டி நேப்பியர்-ரெயில்டன். விலங்குகளின் மென்மயிர்த் தோல் வணிகரான ஜான் காப் என்னும் பந்தய வீரருக்காக, ரீட் ரெயில்டன் என்னும் வடிவமைப்பாளர் வரைந்து, புரூக்லாண்ட்ஸ் வளாகத்துக்குள்ளேயே இயங்கிய தாம்சன் அண்டு டெய்லர் பட்டறை 1933-இல் கட்டிய கார் இது. இதன் எஞ்சின் விமானத்துக்காக உருவானது; நான்கு சிலிண்டர் கொண்ட மூன்று வரிசைகள் அகல விரிந்த அம்புத்தலை போல் அமைந்த, 24 லிட்டர் கொள்ளளவுள்ள நேப்பியர் லயன். லிட்டர் என்பது சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் நகரும் மொத்த இடத்தின் அளவு. இன்றைய சிறிய குடும்பக் கார் ஒன்றின் எஞ்சினுக்கு அது ஒன்றேகால் லிட்டர் அளவே. இவ்வளவு பெரிய எஞ்சினை மேடுபள்ளமான கான்கிரீட்டின்மீது தாங்கிச் செல்வதற்கென்றே அடிச்சட்டம் பாலத்தின் உத்தரம் போலத் தடித்து அமைந்தது; லாரிகளில் காணும் அடுக்குப் பட்டை ஸ்பிரிங்குகள் பின்புறத்தில் பக்கத்துக்கு இரண்டாகப் பொருத்தப்பட்டன. வேகத்தைத் தணிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் ஓட்டத்துக்குப் பிரேக்கின் தேவை அரிது என்பதால், அது பின்சக்கரங்களில் மட்டுமே அமைந்தது. வண்ணம் பூசாது மெருகேற்றிய அலுமினிய உடலில் அழகுக்கென்று சேர்க்கப்பட்ட கோடு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வளைவும் உள்ளே இருக்கும் ஓர் உறுப்புக்கு இடம்விட்டு எழுந்ததாகவே இருக்கிறது. காரின் அழகு என்று பேசுவோர் மெலிந்து தாழ்ந்த இத்தாலிய உடல்களையே சான்று காட்டுவது வழக்கம். அதை மறுப்பதற்கில்லை, ஆயினும் ஒரு குறிப்பிட்ட நிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல் பொருந்திய வடிவம் என்ற வகையில் நேப்பியர்-ரெயில்டனுக்கு நிகரான காரைக் காண்பது அரிது. 1935 அக்டோபர் 7 அன்று காப் இவ்வண்டியில் மணிக்கு 143.44 மைல், அதாவது ஏறத்தாழ 231 கிலோமீட்டர், சராசரி வேகத்தில் வெளிச்சுற்றை 70 நொடிக்கும் குறைவான நேரத்தில் முடித்தார்.

இவ்வளாகத்தில் காண்பதற்குப் பிறவும் உண்டு. வண்டிகளின் ஏறுதிறனையும் பிரேக்கையும் சோதிப்பதற்கென 1909-இல் அமைத்த 107 மீட்டர் நீளச் சோதனைக் குன்றும், வேக வீரர் மால்கம் கேம்ப்பெல் பயன்படுத்திய கொட்டகையும், கான்கார்ட் விமானமும் அவற்றுள் அடங்கும். உருவில் மிகச் சிறியவரான கே பெட்ரே என்னும் பெண்மணி, பத்தரை லிட்டர் டெலாஜ் காரை 1935-இல் இத்தடத்தில் மணிக்கு 134.75 மைல் வேகத்தில் செலுத்தியதையும் நினைவில் கொள்ள வேண்டும். காப்பின் வேகத்தைவிட அது மணிக்கு ஒன்பது மைலுக்கும் குறைவான அளவே பின்தங்கியது.

1939 ஆகஸ்டில் இங்கே கடைசிப் போட்டி நடந்தது. போர் மூண்டதும் விமானத் தொழிற்சாலைகளுக்கு வழிவிடத் தடம் வெட்டப்பட்டது. வானிலிருந்து காண்போர் கண்ணுக்கு மறைக்க மரங்கள் நடப்பட்டன. போருக்குப் பின் நிலம் விமான நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எஞ்சிய பகுதியைக் காத்து 1991-இல் அருங்காட்சியகமாகத் திறந்த ஆர்வலர்கள், நேப்பியர்-ரெயில்டனையும் 1997-இல் வாங்கி அது பிறந்த இடத்துக்கே கொண்டுவந்தனர். 1926-இல் முதல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ நடந்ததும் புரூக்லாண்ட்ஸில்தான் என்பதால், சில்வர்ஸ்டோனுக்குச் செல்லும் ரசிகர் இங்கே ஒரு முழுநாளைச் செலவிடுவது பொருத்தமே. அவர் வண்டி நிற்கும் கொட்டகைக்குள் நேரே நுழையாமல், முதலில் மெம்பர்ஸ் பேங்கிங்கின் சரிவில் ஏறி அந்தக் கான்கிரீட்டைக் காலால் உணர்ந்துவிட்டு, அதன்பின் வண்டியைக் காணச் செல்வாராக.