எழுந்து நில்லுங்க!

‘ஸ்காலர்ஷிப் வந்திருக்கு. எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க!’

அரசுப் பள்ளியில் படித்த பலருக்கும் பழகிய குரல் இது. டீச்சருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சாயங்காலத்துக்குள் ஃபாரம் ஆபீஸுக்குப் போகணும், அதுதான் அவர் கவலை. ஆனால் நாற்பது பேர் நடுவில் நாலு பேர் எழுந்து நிற்கிறார்களே, அந்த அரை நிமிஷம்? பக்கத்து பெஞ்ச் பையனுக்கு அதுவரை தெரியாத ஒன்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் அதை மறக்க வைக்க முடியாது.

தகவல் திருட்டு என்றதும் நமக்கு இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஹேக்கர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். இங்கே அவருக்கு வேலையே இல்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். அதன் பிறகு தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் கலர் கயிறும் நெற்றிப் பொட்டும்தான் விவாதங்களில் பெரிதாக அடிபட்டன. எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு இரண்டு. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பே இருக்கக் கூடாது. உதவித்தொகை விஷயத்தைத் தலைமையாசிரியர் மாணவரைத் தன் அறைக்குத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும். பத்து பைசா செலவில்லாத யோசனைகள்!

‘அப்படியானால் சாதியே கேட்காதீங்க’ என்று சிலர் கிளம்புவார்கள். அது அபத்தம். கேட்காமல் ஸ்காலர்ஷிப்பும் கிடையாது, இடஒதுக்கீடும் கிடையாது. கேட்கட்டும். கேட்டதை யார் யாருக்குக் காட்டுகிறார்கள் என்பதுதான் சண்டை.

முன்பெல்லாம் அந்த விவரங்கள் ஹெச்.எம். அறை பீரோவில் இருந்தன. இப்போது கம்ப்யூட்டரில் இருக்கின்றன. சாதி, ரத்த வகை, அப்பாவின் வருமானம், அம்மாவின் போன் நம்பர் எல்லாம். நான் பி.காம். படித்தவன். கேஷ் புக் என்றால் யார் எழுதினார், யார் சரிபார்த்தார் என்று கையெழுத்து வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தப் பேரேட்டை யார், என்றைக்கு, எதற்காகத் திறந்து பார்த்தார் என்று ஒரு பெற்றோர் கேட்டால் யார் பதில் சொல்வார்? மத்திய அரசின் ‘தீக்ஷா’ செயலியில் சேர்ந்த ஏறக்குறைய 6 லட்சம் மாணவர்களின் தகவல்கள் பூட்டாத சர்வரில் குறைந்தது ஒரு வருஷம் கிடந்ததை, 2023 ஜனவரியில் ‘வயர்டு’ பத்திரிகைதான் வெளியே சொன்னது.

அதே 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. குழந்தைகள் விஷயத்தில் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்க நன்றாக இருக்கிறது. அபராதப் பணம் இந்திய அரசின் தொகுப்பு நிதியில் சேரும் என்றும் அதிலேயே இருக்கிறது. மத்திய அரசுத் துறையே தப்பு செய்தால்? வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட்டுக்கு. காமர்ஸ் மாணவர்கள் இதை கான்ட்ரா என்ட்ரி என்பார்கள்.

டெல்லி சட்டம் மெதுவாக வரட்டும். அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் ஹெச்.எம்.மிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். ‘சார், ஸ்காலர்ஷிப் லிஸ்ட்டை கிளாஸ்ல வாசிக்கிறீங்களா, ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்றீங்களா?’