ஆசனம் எவர்க்குரியது? கொழும்புத் தமிழ் வாக்காளரும் அவர்தம் பிரதிநிதிகளும்

பிரதிநிதி என்னும் சொல் ஒருவருக்குப் பதிலாக நிற்பவர் எனப் பொருள்படும். அங்ஙனம் நிற்பவர் தம்மை அனுப்பியவரின் சொல்லை அப்படியே ஒப்புவிக்க வேண்டியவரா, அன்றித் தம் அறிவுக்குச் சரியெனப் பட்டதை உரைக்கும் உரிமையுடையவரா என்பது அரசறிவியலார் நெடுங்காலமாக விவாதித்து வரும் வினாவாகும். 1774இல் பிறிஸ்ரல் நகர வாக்காளர் முன்னிலையில் எட்மண்ட் பேர்க், உறுப்பினர் தம் வாக்காளருக்குக் கடன்பட்டிருப்பது உழைப்பை மட்டுமன்று, தம் சொந்தத் தீர்ப்பையுமே என வாதிட்டார். 1780இல் அதே நகரில் ஆதரவு குன்றிப் போட்டியினின்றும் விலகிக்கொள்ள நேர்ந்தது. பேர்க்கை மேற்கோள் காட்டும் நம் நாட்டு அரசியலார் முன்னதை நினைவிற் கொண்டு பின்னதை மறந்துவிடுவர்.

இவ்வினாவைக் கொழும்பு நகரின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இரு பகுதிகளை வைத்து ஆராய்வது பயனுடைத்து. தமிழர் செறிந்து வாழும் இடங்கள் என்ற அளவில் இவை ஒன்றாகப் பேசப்படினும் இவற்றின் சமூக அமைப்பு வேறு வேறானது. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து வேர் கொண்ட உத்தியோகத்தர், ஓய்வூதியர், வைத்தியர், கணக்காளர், வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் மிகுதி. கொட்டாஞ்சேனையிலோ துறைமுகத்தையும் புறக்கோட்டைக் கடைகளையும் நம்பி வாழ்ந்த தொழிலாளர், மலையகத்தினின்றும் இந்தியாவினின்றும் வந்தோரின் வழித்தோன்றல்கள், பரதர், செட்டிமார் எனப் பல திறத்தாரும் கலந்து வாழ்கின்றனர். இவ்விரு பகுதியினரின் கருத்தும் ஒன்றே எனக் கொள்வது தேர்தற் காலத்து வசதியேயன்றி உண்மையன்று.

கொழும்புத் தமிழருக்கெனத் தனியாக ஓர் ஆசனம் வேண்டுமென்ற கோரிக்கை பழையது. 1918இல் மேல் மாகாணத்தில் தமிழர்க்கு ஓர் ஆசனம் கிடைக்க ஒத்துழைப்பதாகச் சிங்களத் தலைவர்கள் அளித்த உறுதியை நம்பியே சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். 1921இல் கொழும்பு நகர ஆசனத்துக்கு ஜேம்ஸ் பீரிஸ் நிறுத்தப்பட்டார். அருணாசலம் காங்கிரசை விட்டு வெளியேறினார். இந்நிகழ்ச்சி பெரும்பாலும் இனங்களுக்கிடையிலான வாக்குறுதி மீறலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின் அந்நாளில் வாக்குரிமை கல்வியும் சொத்தும் உடையார்க்கே உரியதாயிருந்தது என்பதும், துறைமுகத்தில் மூடை சுமந்த தமிழன் எவ்வாசனத்தின் கணக்கிலும் சேராதவன் என்பதும் உடன் நினைக்கற்பாலன.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. இனவாரி ஆசனங்கள் ஒழிந்தன. பிரதிநிதி தம் தொகுதியின் கண்ணாடியாக இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையைச் சோதிப்பதற்கு இக்காலத்துக் கொழும்பு இரண்டு உதாரணங்களைத் தருகின்றது. முதலாமவர் ஏ. ஈ. குணசிங்ஹ. 1920களில் துறைமுகத் தொழிலாளரையும் டிராம் தொழிலாளரையும் இனபேதமின்றி ஒன்றுதிரட்டிய அதே தலைவர், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த சிங்களத் தொழிலாளரின் சினம் மலையாளத் தொழிலாளர்மீது திரும்பியபோது, அச்சினத்தின் வாயாக மாறினார். தம்மைச் சூழ்ந்திருந்த மக்களின் அன்றைய உணர்வை அவர் பிழையின்றிப் பிரதிபலித்தார் என்பதில் ஐயமில்லை. கண்ணாடிக்கு வேறு குணமில்லை.

இரண்டாமவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றில் விவாதிக்கப்பட்டபோது இவர் வெள்ளவத்தை-கல்கிசைத் தொகுதியின் உறுப்பினர். ஒரு மொழியை வற்புறுத்தினால் நாடு இரண்டாகும் என்ற அவரது எச்சரிக்கை இன்றும் எடுத்தாளப்படுகின்றது. பலரும் கவனியாது விடுவது யாதெனின், அத்தொகுதியின் வாக்காளரிற் பெரும்பான்மையினர் சிங்களவர் என்பதும், அவ்வாண்டுத் தேர்தலில் அவரது சமசமாஜக் கட்சி அச்சட்டத்தைக் கொண்டுவந்த மக்கள் ஐக்கிய முன்னணியோடு போட்டித் தவிர்ப்பு உடன்பாடு செய்திருந்தது என்பதுமாகும். தமக்கு வாக்களித்தோரிற் பலர் விரும்பிய ஒன்றை எதிர்த்தே அவர் பேசினார். வெள்ளவத்தைத் தமிழரின் உள்ளத்தில் இருந்ததைப் பாராளுமன்றில் அத்துணைத் தெளிவாக உரைத்தவர் தமிழரல்லாத ஒருவர். அதுவும் பெரும்பான்மை வாக்காளரின் விருப்பத்துக்கு மாறாக. இஃது பேர்க்கின் கொள்கைக்கு இந்நாடு தந்த சிறந்த சான்று எனலாம்.

ஆனால் அச்சான்றுக்கும் ஒரு பின்பகுதி உண்டு. 1970இல் அமைந்த கூட்டரசாங்கத்தில் அரசியலமைப்பு விவகார அமைச்சராக அமர்ந்து, சிங்களத்தை அரச கரும மொழியாக யாப்பிலேயே பொறித்த 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பை உருவாக்கியவரும் அவரே. அப்பொழுது அவர் அகலவத்தைத் தொகுதியின் உறுப்பினர். வெள்ளவத்தை வாக்காளர் அவரிடம் விளக்கம் கேட்கும் உரிமையை இழந்து நெடுநாளாயிருந்தது. சொந்தத் தீர்ப்பின்படி பேசும் உறுப்பினர் நல்லதையே பேசுவார் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை.

இதற்கிடையில் கணக்கினின்றே நீக்கப்பட்டோரும் உளர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமையைப் பறித்தபோது மலையகத் தோட்டங்களே பேசப்பட்டன. கொட்டாஞ்சேனையிலும் அதனை அடுத்த தெருக்களிலும் இருந்த நகரத் தொழிலாளரும் அச்சட்டங்களாற் பாதிப்புற்றனர் என்பது வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகின்றது. வாக்காளர் பட்டியலில் இடம்பெறாமை ஒரு கேடு. இடம்பெற்றமையே கேடாய் முடிந்ததும் உண்டு. 1983 ஜூலையில் வெள்ளவத்தை வீதிகளில் இறங்கிய கும்பல்கள் தமிழர் வீடுகளை இனங்காண வாக்காளர் பட்டியல்களைக் கைகளில் வைத்திருந்தன எனப் பலரும் பதிவு செய்துள்ளனர். பிரதிநிதித்துவத்துக்கெனத் தயாரிக்கப்பட்ட ஏடு அத்தகைய பயன்பாட்டுக்கும் உள்ளாயிற்று.

1978ஆம் ஆண்டு யாப்பின் விகிதாசார முறை 1989 பொதுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை மாறியது. கொழும்பு மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தற் களமாயிற்று. வாக்காளர் கட்சிக்கு ஒரு வாக்கும், வேட்பாளருக்கு மூன்று வரையிலான விருப்பு வாக்கும் அளிக்கலாம். இம்முறையின் நன்மையை மறுத்தல் நேர்மையன்று. சிதறிக் கிடந்த தமிழ் வாக்குகள் ஒன்றுசேர்ந்து ஒரு தமிழரைத் தெரிவு செய்வது இதனாலேயே எளிதாயிற்று. மனோ கணேசன் 2001இலும் 2004இலும், தி. மகேஸ்வரன் 2004இலும் கொழும்பு மாவட்டத்தினின்று தெரிவாகினர்.

விலை என்னவெனின், 15 தேர்தற் பிரிவுகள் கொண்ட மாவட்டத்தில், வெள்ளவத்தைக் கடற்கரை முதல் அவிசாவளை இறப்பர்த் தோட்டம் வரை, ஒருவரே அலைந்து வாக்குச் சேகரிக்க வேண்டியதாயிற்று. அத்தனை பேருக்கும் பொதுவானவற்றையே அவர் பேச முடியும். பொதுவானது மொழியும் அச்சமுமே. பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுத ஆளில்லாமை இரு பகுதியினர்க்கும் ஒன்றேயாம். அதற்கப்பால் அவர்தம் வழிகள் பிரிகின்றன. அடுக்குமாடி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளவத்தைக் குடும்பத்துக்கு அது பணங்கொடுத்து வாங்கிய சொத்து. 2010இன் பின் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்து, வட கொழும்பின் தோட்டக் குடியிருப்புகள் அகற்றப்படலாயின. அங்கிருந்தோருக்கு அச்சொல், தலைமுறை தலைமுறையாய் இருந்த நிலத்தினின்றும் பெயர்க்கப்பட்டு ஏற்றப்படும் இடமாயிற்று. இவ்விரு கருத்துகளையும் ஒரே விருப்பு வாக்கு எவ்வாறு சுமக்கும்?

பிரதிநிதியின் மௌனத்தை எடைபோடும்போது அக்காலத்தின் ஆபத்தையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5ஆம் நாள் வெள்ளவத்தையிலும், யாழ் மாவட்ட உறுப்பினர் ந. ரவிராஜ் 2006 நவம்பரில் நாரஹேன்பிட்டியிலும், மகேஸ்வரன் 2008 புத்தாண்டன்று கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்திலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆசனத்தின் விலை உயிராகவும் இருந்த காலம் அது.

அக்காலத்திலேயே, 2007 ஜூன் 7ஆம் நாள் அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மருத்துவத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் வேலைக்கும் வந்த அவர்களிற் பெரும்பாலார் கொழும்பின் வாக்காளர் அல்லர். தேர்தற் கணக்கின்படி கொழும்பு உறுப்பினர் எவருக்கும் அவர்களிடம் கடப்பாடில்லை. எனினும் முந்திய ஆண்டில் அமைந்த மக்கள் கண்காணிப்புக் குழுவின் வழியாகக் கடத்தப்பட்டோர் விவரங்களைத் திரட்டி வந்த மனோ கணேசன் அவர்களுக்காகவும் குரலெழுப்பினார். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்பேரில் உயர் நீதிமன்றம் மறுநாளே வெளியேற்றத்துக்குத் தடை விதித்தது. வாக்கேதும் பெறாத ஓர் அமைப்பு, வாக்கேதும் இல்லாத மக்களுக்காகப் பெற்ற அவ்வாணை அக்காலக் கொழும்பில் நிகழ்ந்த பிரதிநிதித்துவச் செயல்களுள் மிகப் பயன் தந்தவற்றுள் ஒன்று எனின் மிகையன்று.

வாக்களித்தோர்க்குக் கிடைத்தது யாது என்பதை 2010 காட்டும். அவ்வாண்டு ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் கொழும்பு வடக்கும் கொழும்பு மத்தியும் எதிரணி வேட்பாளர் சரத் பொன்சேகாவுக்கே பெரும்பான்மை அளித்தன. ஏப்ரலில் எதிரணிப் பட்டியலில் நின்ற பிரபா கணேசன் தெரிவானார். ஓகஸ்டில் அவர் அரசாங்கத்தின் பக்கம் சென்றார். இவ்வாறு பக்கம் மாறுவோர் வழக்கமாகக் கூறும் நியாயம் அபிவிருத்தி. எதிரணியிலிருந்து மக்களுக்கு எதுவும் செய்ய இயலாது என்பது. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். கொட்டாஞ்சேனைத் தாய் ஒருத்திக்கு வடிகானும் வீட்டுரிமைப் பத்திரமும் அரசியல் எதிர்ப்பினும் பெரிதாகத் தோன்றவுங் கூடும். ஆயின் அதை அவளிடம் கேட்டறிந்தவர் எவர்?

சட்டத்தின் நிலை இதனினும் வியப்பானது. யாப்பின் 99ஆம் உறுப்புரையின்படி கட்சி உறுப்புரிமையை இழப்பவர் ஆசனத்தையும் இழப்பார். விலக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். நடைமுறையிலோ பக்கம் மாறியோரிற் பலர் ஆசனத்தோடேயே மாறியுள்ளனர். சட்டத்தில் ஆசனம் கட்சிக்குரியது. வழக்கில் அது உறுப்பினர்க்குரியது. இவ்விருவருக்கும் இடையிலான வழக்கில் வாக்காளர் ஒரு தரப்பினரே அல்லர். கண்ணாடியா, சொந்தத் தீர்ப்பா என்னும் பழைய விவாதம் இங்கே பொருளற்றுப் போகின்றது. இரண்டில் எதுவாயினும் அதற்குக் கணக்குக் கேட்கும் வழி வாக்காளரிடம் இருந்தாலன்றோ விவாதத்துக்குப் பயனுண்டு?

2024 நவம்பர்த் தேர்தலில் கொழும்பின் 18 ஆசனங்களில் 14ஐத் தேசிய மக்கள் சக்தி கைப்பற்றியது. தோல்வியுற்ற மனோ கணேசன் தேசியப் பட்டியல் வழியாகப் பாராளுமன்றம் சென்றார். அங்ஙனம் பெற்ற ஆசனத்துக்குத் தொகுதியுமில்லை, விருப்பு வாக்குமில்லை. கட்சித் தலைமையே அதன் வாக்காளர். 2025 மே மாதம் கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் வட்டார முறை இருந்தது. கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் பெயர் சொல்லக்கூடிய உறுப்பினர்கள் கிடைத்தனர். 117 உறுப்பினருள் தேசிய மக்கள் சக்திக்கு 48 பேரே இருந்தனர். ஜூன் 16ஆம் நாள் முதல்வர் தெரிவு நடந்தபோது அக்கட்சியின் விராய் கெலி பல்தசார் 61 வாக்குகளும் எதிர்த்து நின்ற ரிஸா சரூக் 54 வாக்குகளும் பெற்றனர். கூடுதலாக வந்த 13 வாக்குகளை அளித்தவர் யாவர் என்பது எவ்வட்டார வாக்காளர்க்கும் தெரியாது. வாக்கெடுப்பு இரகசியமாக நடைபெற்றது.