ஏவியவரும் இயற்றியவரும்: நிலாப் பயணம் குறித்த ஒரு வாக்கியத்தை முன்வைத்து

1

'நிலவுக்கு மனிதரை அனுப்பி இறக்கிய நாடுகள் எவை?' போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற கேள்வி. 'நாடுகள்' என்று பன்மையில் கேட்டாலும் பதில் ஒருமைதான்: அமெரிக்கா. 1969 முதல் 1972 வரை ஆறு அப்பல்லோ பயணங்களில் 12 பேர் நிலாத் தரையில் நடந்தார்கள். பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள். சோவியத் யூனியன் 1959இலேயே லூனா-2ஐ நிலவில் மோதவிட்டது. 1970இல் லூனா-16 எந்திரத்தால் மண் அள்ளி வந்தது. ஆளை அனுப்பக் கட்டிய என்-1 ராக்கெட்டோ நான்கு முறை ஏவி நான்கு முறையும் தோற்றது. சீனா 2020இலும் 2024இலும் மண் கொண்டுவந்தது. இந்தியா 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3ஐ இறக்கியது. இவையெல்லாம் ஆளில்லாக் கலங்கள்.

கேள்வி இதோடு முடிஞ்சுதா? தேர்வுக்கு முடிஞ்சுது. நமக்கு இங்கேதான் தொடங்குகிறது.

'அமெரிக்கா அனுப்பியது' என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசிப்போம். நம் இலக்கணக்காரர்கள் கருத்தாவை இரண்டாகப் பிரித்தார்கள்: ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா. அரசன் கோயில் கட்டினான் என்றால் அரசன் கல் சுமக்கவில்லை, ஏவினான். தச்சன் வீடு கட்டினான் என்றால் தச்சனே இயற்றினான். ராக்கெட்டுக்கும் நாம் 'ஏவுதல்' என்றே சொல்வது தற்செயலாக இருக்கலாம். ஆனால் நிலாப் பயணம் பற்றிய சொல்லாடல் முழுவதையும் அந்த ஒரு சொல் காட்டிக்கொடுக்கிறது. அங்கே எழுவாய் எப்போதும் ஏவியவர்தான். இயற்றியவர் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறார்.

அப்பல்லோ திட்டத்தில் சுமார் 4 லட்சம் பேர் உழைத்தார்கள். கலத்துக்கு வழிகாட்டிய கணினியின் நிரல் கையால் நெய்யப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரேதியான் ஆலையில் பெண் தொழிலாளர்கள் செப்புக் கம்பியைச் சின்னச் சின்ன வளையங்களில் கோத்தார்கள். கம்பி வளையத்துக்குள் நுழைந்தால் 1, வெளியே போனால் 0. பொறியாளர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர் 'கிழவிகள் நினைவகம்'. குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு இழை தப்பினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். விண்வெளி உடையைத் தைத்தவர்களும் தையல்காரப் பெண்கள்தான். பெண்களின் உள்ளாடை தைத்துக்கொண்டிருந்த நிறுவனத்திலிருந்து சிலர் வந்தார்கள். ஆம்ஸ்ட்ராங் பெயர் உலகத்துக்கே தெரியும். இவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

2

இது ஏதோ தூர தேசத்துக் கதை என்று ஒதுக்க வேண்டாம். நாமக்கல் மாவட்டம் பரமத்திவேலூர் வட்டாரத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் அனார்த்தசைட் என்ற வெளிர் பாறை கிடக்கிறது. 250 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. நிலாவின் மேட்டு நிலங்களும் பெரும்பாலும் இதே வகைப் பாறைதான். 1971இல் அப்பல்லோ-15இல் போன ஸ்காட்டும் இர்வினும் பொறுக்கிவந்த புகழ்பெற்ற 'ஆதியாகமக் கல்' ஓர் அனார்த்தசைட். அவர்கள் அதைக் கையில் எடுத்தபோது சித்தம்பூண்டியில் அதன் சொந்தக்காரக் கல் மீது ஆடுமாடு மேய்ந்துகொண்டிருந்திருக்கும்.

தரையிறங்கு கலத்தையும் உலாவியையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலா மண் வேண்டியிருந்தது. அமெரிக்காவிடம் வாங்கினால் விலை கட்டாது. ஆகவே இங்குள்ள பாறையை உடைத்துப் பொடியாக்கிப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 50 டன் போனதாகச் செய்தி. தயாரிப்பு முறைக்கு 2020இல் காப்புரிமை கிடைத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் அதில் பங்குண்டு.

2023 ஆகஸ்டில் 'நிலவில் நாமக்கல் மண்' என்று கொண்டாடினோம். உண்மையில் நாமக்கல் மண் நிலவுக்குப் போகவில்லை. அது பெங்களூர்ச் சோதனைக் கூடத்தில் நிலவுக்குப் பதிலாகக் கிடந்தது. இலக்கணத்தில் இதற்குப் 'போலி' என்று பேர்: ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று நின்றும் பொருள் மாறாதிருப்பது. இதில் இழிவொன்றும் இல்லை. இந்த மண் மேல் சக்கரம் ஓடிப் பழகியதால்தான் அந்த மண் மேல் ஓடியது. ஆனால் நம் பெருமிதமும் அப்படியொரு போலியாகிவிட்டதோ என்பதே என் ஐயம். பாறையை வெட்டியவர், கிரஷர் புழுதியில் நின்றவர், மூட்டை ஏற்றியவர், லாரி ஓட்டியவர் ஆகியோர் நிற்க வேண்டிய இடத்தில் 'மண்' என்ற ஒற்றைச் சொல்லை நிறுத்திவிட்டோம். மண் பேசாது. கூலி கேட்காது. நுரையீரலில் கல்தூசி படிந்ததென்று ஆஸ்பத்திரி வாசலில் உட்காராது. மண்ணைப் பாராட்டுவது ரொம்பச் சௌகரியம்.

3

'சோத்துக்கே வழியில்லை, நிலா எதுக்கு என்கிற பழைய பாட்டுத்தானே?' என்று நண்பர்கள் கேட்கலாம். இல்லை. 1969 ஜூலையில், அப்பல்லோ-11 கிளம்புவதற்கு முந்தின நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்நாதி ஏழைக் குடும்பங்களோடும் கோவேறு கழுதை வண்டிகளோடும் ஏவுதளத்துக்குப் போனார். நாசா தலைவர் தாமஸ் பெயின் வெளியே வந்து அவர்களைச் சந்தித்தார். அபர்நாதி ராக்கெட்டை நிறுத்தச் சொல்லவில்லை. சாதனையை மதித்துக்கொண்டே, பசியைத் தீர்க்க இதே திறமை ஏன் திரும்பவில்லை என்று கேட்டார். ஏவுகிறவரின் வாக்கியத்துக்குள் தம் மக்களையும் கொண்டுபோய் நிறுத்தினார். அறிவியலுக்கு எதிரான குரலாக அதை வாசிப்பது பிழை.

நம் இடதுசாரி மரபிலும் இதே நோய் இருந்தது. சோவியத் கலங்களைக் கொண்டாடியபோது நாமும் நாட்டைத்தான் எழுவாயாக்கினோம். அந்த ஆலைத் தொழிலாளியின் பெயரை நாமும் கேட்கவில்லை. எழுவாயிடத்தில் ஆளை மாற்றினோமே தவிர வாக்கிய அமைப்பை மாற்றவில்லை.

2040க்குள் இந்தியரை நிலவுக்கு அனுப்ப வேண்டும் என்று 2023 அக்டோபரில் ஒன்றிய அரசு இலக்கு வைத்தது. போனால் நல்லது, போகட்டும். அன்றைக்குப் பொது அறிவுப் புத்தகத்தின் பன்மைக் கேள்விக்கு இன்னொரு நாட்டின் பெயர் கூடும். அதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. சித்தம்பூண்டிப் பாறை பற்றி நிலவியல் கட்டுரைகள் நிறைய உண்டு. அதை உடைத்த கைகள் பற்றி ஒரு கதை, ஒரு வாய்மொழிப் பதிவு என் கண்ணில் படவில்லை. சேலத்திலிருந்து பரமத்திவேலூருக்குப் பஸ் போகிறது. நோட்டும் பேனாவும் போதும். யாராவது கிளம்புங்கள்.