கோலும் மரமும்: வில்லியம் ஜேம்ஸை இமாம் கஸ்ஸாலியுடன் வாசித்தல்

மனிதன் தன் செயலை எவ்வாறு ஆளுகின்றான் என்னும் வினாவுக்கு நவீன உளவியல் அளித்த விடைகளுள் பெருஞ்செல்வாக்குப் பெற்ற ஒன்று, அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் (1842–1910) எழுதி 1890இல் இரு தொகுதிகளாக வெளிவந்த 'உளவியல் கோட்பாடுகள்' என்னும் நூலில் உள்ளது. பழக்கம், கவனம், நினைவு, இச்சை ஆகிய நான்கையும் அந்நூல் தனித்தனி இயல்களில் ஆராய்கின்றது. அதற்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதிய 'இஹ்யா உலூமித்தீ'னின் தொழுகைப் பகுதியை அதனருகில் வைத்து வாசிக்க இங்கு முயல்கிறோம். மேற்கு இன்று கண்டதை நம்மவர் அன்றே கண்டுவிட்டனர் என்று பெருமை பாராட்டுவது நம் நோக்கமன்று. அத்தகைய பெருமை பெரும்பாலும் இரு நூல்களையும் வாசிக்காமல் இருப்பதற்கே துணை செய்கின்றது. ஜேம்ஸ் திறந்த வாசல் எது, அவர் கடக்காமல் நின்ற இடம் எது என்பதே நம் கேள்வி.

இச்சையைப் பற்றிய இயலில் ஜேம்ஸ் ஓர் எளிய காட்சியைக் காட்டுகின்றார். கடுங்குளிர்க் காலை, கணப்பு மூட்டப்படாத அறை, கதகதப்பான படுக்கையை விட்டு எழ மனமில்லாத ஒரு மனிதன். கடமைகள் காத்திருக்கின்றன என்பதை அவன் அறிவான், தன்னைத் தானே கடிந்தும் கொள்கின்றான், ஆயினும் எழவில்லை. பின்னர் எப்படியோ எழுந்துவிட்டதைத் தானே காண்கின்றான். குளிரும் கதகதப்பும் ஒரு கணம் நினைவை விட்டகல, அன்றைய அலுவல் பற்றிய எண்ணம் எதிர்ப்பின்றி மனத்தில் நின்றது. நின்றவுடன் உடல் எழுந்தது. எனவே, கடினமான ஓர் எண்ணத்தை விலகவிடாமல் கவனத்தில் நிறுத்துவதே இச்சையின் சாரம் என்கின்றார் ஜேம்ஸ். உடலை உந்தித் தள்ளும் தனியொரு ஆற்றலை அவர் தேடவில்லை. ஒழுக்கப் போராட்டம் தசையில் நிகழ்வதில்லை, கவனத்தில் நிகழ்கின்றது என்னும் இத்தெளிவு அவருடைய நிலையான கொடையாகும்.

சுப்ஹுத் தொழுகைக்கு எழுந்து பழகிய எவருக்கும் இக்காட்சி அந்நியமானதன்று. எனினும் இங்கு ஒரு வினா எழுகின்றது. அலுவல் பற்றிய எண்ணத்தை அந்தக் கணத்தில் மனத்துக்குக் கொணர்ந்தது யார்? ஜேம்ஸ் அதை நற்பேறாக நேர்ந்த ஒன்றாகவே விட்டுவிடுகின்றார். நினைவு பற்றிய இயலில், ஒரு செய்தி எத்தனை தொடர்புகளோடு பிணைந்துள்ளதோ அத்தனை எளிதில் மீளும் என்று அழகாக விளக்கியவர், இச்சை பற்றிய இயலில் அக்கருத்துக்கு உரிய இடம் தரவில்லை என்றே நமக்குத் தோன்றுகின்றது. கவனத்தில் நிறுத்துவதற்கு முன், எண்ணம் உரிய வேளையில் வந்து சேர வேண்டுமே!

இந்த இடைவெளியைப் பின்வந்த ஆய்வுகள் ஓரளவு நிரப்பின. செய்ய எண்ணியதை உரிய வேளையில் நினைவுகூரும் ஆற்றலை ஐன்ஸ்டைன், மெக்டேனியல் என்னும் இரு உளவியலாளர்கள் 1990இல் இரண்டாகப் பகுத்தனர். நண்பரைக் கண்டதும் செய்தியைச் சொல்ல வேண்டும் என்பது நிகழ்வைச் சார்ந்த நினைவு. இரவு ஒன்பது மணிக்கு மருந்து உண்ண வேண்டும் என்பது நேரத்தைச் சார்ந்த நினைவு. 1995இல் அவர்களும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனைகளில், நேரத்தைச் சார்ந்த நினைவில் முதியோர் இளையோரை விடப் பின்தங்கினர். நிகழ்வைச் சார்ந்ததில் அவ்வேறுபாடு தென்படவில்லை. நிகழ்வு தானே வந்து அழைக்கின்றது. நேரத்தையோ நாமே கண்காணிக்க வேண்டும்.

இப்பகுப்பின் ஒளியில் பாங்கை நோக்குவோம். தொழுகையின் வக்து நேரத்தைச் சார்ந்தது. சூரியனின் சாய்வையும் நிழலின் நீளத்தையும் ஒவ்வொருவரும் தனித்தனியே கணித்துக்கொண்டிருக்க வேண்டிய கடமையை, காதில் விழும் ஒரு நிகழ்வாக மாற்றித் தருகின்றது பாங்கு. சுப்ஹு பாங்கில் தூக்கத்தையும் தொழுகையையும் எடைபோடும் தனித்தொடர் சேர்வது, படுக்கையில் கிடப்பவனின் மனத்தில் எந்த எண்ணம் நிற்க வேண்டுமோ அதையே கொண்டுவந்து வைக்கின்றது. ஜேம்ஸின் மனிதன் தனி அறையில் தன்னோடு தானே போராடினான்; பாங்கைக் கேட்பவனின் நினைவில் ஊரும் பங்கேற்கின்றது.

அடுத்தது பழக்கம். அன்றாடச் செயல்களைப் பழக்கத்திடம் ஒப்படைத்தால் உயர்ந்த பணிகளுக்கு மனம் விடுபடும் என்பது ஜேம்ஸின் வாதம். அதே இயலில், விருந்துக்கு உடை மாற்றச் சென்று, ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, இறுதியில் படுக்கையில் படுத்துவிடும் மறதிக்காரர்களையும் அவரே குறிப்பிடுகின்றார். விடுபட்ட மனம் உயர்ந்ததை நோக்கித்தான் செல்லும் என்பதற்கு உறுதி ஏது? தக்பீர் கட்டியதும் நாவு ஓதுகின்றது, உடல் குனிகின்றது, மனமோ கடைக் கணக்கைப் பார்க்கின்றது. இது மூன்றாம் ரக்அத்தா, நான்காம் ரக்அத்தா என்னும் ஐயம் அதன் விளைவு.

மார்க்கச் சட்டம் இந்த ஐயத்தை முன்னறிந்தே ஸஜ்தா ஸஹ்வை வகுத்துள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்களே ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையை இரண்டில் முடித்து ஸலாம் கொடுத்ததையும், துல்யதைன் என்று அழைக்கப்பட்ட தோழர் அதை எடுத்துக் கூறியதையும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளும் பதிவு செய்துள்ளன. இமாம் மறந்தால் பின்நிற்பவர் தஸ்பீஹால் உணர்த்துவர். மறதியை இழுக்காகக் கருதாமல், திருத்துவதற்குரிய ஏற்பாட்டைத் தொழுகைக்குள்ளேயே வைத்துள்ள முறை இது.

ஆயினும் எண்ணிக்கையைத் திருத்துவது வேறு, உள்ளத்தைத் திருப்புவது வேறு. தானே முயன்று செலுத்தும் கவனம் சில நொடிகளுக்கு மேல் நிலைப்பதில்லை என்றும், நீடித்த கவனம் என்பது விலகிய எண்ணத்தை மீண்டும் மீண்டும் இழுத்து வருவதே என்றும் ஜேம்ஸ் கூறுகின்றார். இதற்கு முன்பே எழுதப்பட்ட மறுமொழி போல் அமைகின்றது இமாம் கஸ்ஸாலி கூறும் உவமை. மரத்தடியில் அமர்ந்து சிந்திக்க விரும்பிய ஒருவனைக் குருவிகளின் இரைச்சல் குலைக்கின்றது. கோலெடுத்து விரட்டுகின்றான், அமர்கின்றான், அவை திரும்புகின்றன, மீண்டும் விரட்டுகின்றான். இதற்கு முடிவில்லை, விடுதலை வேண்டுமாயின் மரத்தை வெட்டு என்று அவனுக்குச் சொல்லப்படுகின்றது. குருவிகள் எண்ணங்கள், மரம் உலக ஆசை. ஜேம்ஸ் நம் கையில் தருவது கோல். அவருடைய கவனம் பெரிதும் தொழுகைப் பாயோடு நின்றுவிடும். கஸ்ஸாலியோ பாய்க்கு வெளியே நாம் எதை விரும்பி வாழ்கின்றோம் என்று வினவுகின்றார். மனம் தன் நாட்டம் எங்கோ அங்கேயே செல்லும் என்பது அவர் கண்ட உண்மை.

இங்கு கஸ்ஸாலியையும் ஒரு கேள்வியோடுதான் வாசிக்க வேண்டியுள்ளது. எல்லா மரமும் வெட்டத் தக்கதா? தொழுகையை நீட்ட எண்ணி நின்ற நபி (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகை கேட்டதும் தாயின் தவிப்பை எண்ணிச் சுருக்கிக்கொண்டதாக ஹதீஸ் கூறுகின்றது. உள்ளச்சத்தின் உச்சத்தில் நின்றவரின் செவிக்கு அந்த அழுகை எட்டியது. அன்பினால் எழும் நினைவு கவனச்சிதறல் ஆகாது. வெட்ட வேண்டிய மரத்துக்கும் நிழல் தரும் மரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கஸ்ஸாலியின் உவமை தனியே நின்று காட்டவில்லை. இந்த ஹதீஸோடு சேர்த்து வாசிக்கும்போதே அது துலங்குகின்றது.

இது ஏட்டுக்குரிய விவாதம் மட்டுமன்று. சுப்ஹைத் தவறவிடும் இளைஞனை ஈமான் குறைந்தவன் என்றும், மருந்தை மறக்கும் முதியவரை அலட்சியக்காரர் என்றும் நம் வீடுகளில் எளிதாகத் தீர்ப்பளிக்கின்றோம். இருவரிடமும் மனவுறுதியை மட்டுமே கேட்கின்றோம். உரிய வேளையில் நினைவு வந்து சேர வழி செய்தோமா என்று நம்மை நாம் கேட்பதில்லை. 'ஒன்பது மணிக்கு' என்பதை 'இஷா தொழுததும்' என்று மாற்றினால் முதியவரின் மருந்துக்கு ஒரு நிகழ்வு துணையாகும். இளைஞனின் கைப்பேசியோ பாங்கையும் ஒலிக்கின்றது, நள்ளிரவு வரை குருவிகளையும் அழைத்து வருகின்றது. அதை வேறு அறையில் வைத்துவிட்டு உறங்க அவனைப் பழக்கி, விடியலில் தந்தையே கதவைத் தட்டி எழுப்பலாம்.